சென்னைக்குப் போன நம் ராமநாதபுரம் கரைக்காரர்களே, கூட்டம் கூடக் கூட உங்களுக்கு முதலில் எது குறைந்தது?

மண்டபம் கரை:

சென்னையில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு 2023-ல் ஊருக்கே திரும்பிவிட்டேன். வேலை போகவில்லை, யாரும் விரட்டவில்லை. ஏன் வந்தாய் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

2009-ல் வேளச்சேரிக்குத் தெற்கே ஒரு புறநகரில் வீடு பிடித்தேன். தெருவில் மொத்தம் பதினொரு வீடுகள், மீதியெல்லாம் காலி மனை. மழை பெய்தால் அந்த மனைகளில் நாலைந்து நாள் தண்ணீர் நிற்கும். இரவெல்லாம் தவளைச் சத்தம். வீட்டுக்குப் பின்னால் உறைகிணறு இருந்தது. இருபது அடியில் தண்ணீர், வாளி போட்டு இறைக்கலாம். எங்கள் அம்மா மணலில் ஊத்து தோண்டி, சிரட்டையால் மோந்து மோந்து குடம் நிரப்பியே காலத்தை ஓட்டியவர். முதல் தடவை வந்தபோது அந்தக் கிணற்றுத் திட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "இந்தத் தண்ணிய விட்டுட்டு எங்கேயும் போயிராதய்யா" என்றார்.

2011-ல் சென்னையின் எல்லை 174 சதுர கிலோமீட்டரில் இருந்து 426 ஆனது. எங்கள் தெருவும் நகரத்துக்குள் வந்தது. நிலத்தின் விலை ஏறியது, குழாய் மட்டும் வரவில்லை. தனி வீடு இருந்த ஒவ்வொரு இடத்திலும் எட்டு வீடு கொண்ட அபார்ட்மென்ட் எழுந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி போர்வெல். முதலில் நூற்றிருபது அடி, அப்புறம் இருநூறு, அப்புறம் முந்நூறு. எங்கள் உறைகிணறு 2014 கோடையில் வற்றியது. அதற்கடுத்த வருடம் வீட்டுக்காரர் அதை மூடி, மேலே பைக் நிறுத்த இடம் போட்டுவிட்டார்.

2019 எல்லோருக்கும் நினைவிருக்கும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் நான்கும் காய்ந்து கிடந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகனில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. எங்கள் தெருவுக்கு டேங்கர் லாரி வரப் பதினேழு நாள் ஆனது. வந்தது இரவு இரண்டு மணிக்கு. எட்டு வீட்டுக்காரர்களும் சம்ப்பைச் சுற்றி நின்றோம். ஐந்து வருடம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியவர்கள், அன்றைக்குத்தான் ஒருவரோடு ஒருவர் பேசினோம். அதுவும் சண்டையாக. இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கும் ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கும் ஒரே அளவா என்று. மாடியில் தனியாக இருந்த பெரியவர் ஒருவர், எனக்கு இரண்டு குடம் போதும் என்று சொல்லிவிட்டு மெதுவாக மேலே ஏறிப் போனார். அவர் பெயர்கூட எனக்கு அதுவரை தெரியாது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மறுநாள் அம்மாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டார்: "அங்கேயுமா குடத்தோட நிக்கிறீங்க?"

உங்களுக்கு எது முதலில் குறைந்தது? நடந்ததைச் சொல்லுங்கள்.


கீழக்கரைக்காரன்:

எனக்கு நேரம், தம்பி.

1994-ல் மண்ணடிக்கு வந்தேன். ஒரு மாடி அறையில் ஏழு பேர். குளிக்க வரிசை, பாய் விரிக்க வரிசை. நெரிசல் அப்போதும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கடை கீழேயே. பெருநாளைக்கு ஊருக்குப் போக வேண்டுமென்றால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பாரிமுனை பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போவேன். பத்து நிமிடம்.

2002-ல் கோயம்பேடு வந்தது. அன்றைக்கு அது ஊருக்கு வெளியே என்று பேசிக்கொண்டார்கள். இருபது வருடத்தில் கோயம்பேடு ஊருக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்தார்கள். பாரிமுனையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். இப்போது ஊருக்குப் போவதென்றால், ஊர் பஸ்ஸில் ஏறி உட்காருவதற்கே இரண்டு மணி நேரம் முன்னால் கிளம்ப வேண்டும். சென்னை எவ்வளவு வளர்ந்தது என்று யாராவது கேட்டால் இந்த மூன்று பஸ் ஸ்டாண்டைத்தான் சொல்வேன்.

கல்யாணத்துக்குப் பிறகு மண்ணடி வாடகை கட்டுப்படியாகவில்லை. பூந்தமல்லி தாண்டிப் போனோம். என்னைப் போல எல்லோரும் விளிம்புக்குத்தான் தள்ளப்பட்டார்கள். 2001-க்கும் 2011-க்கும் நடுவில் பழைய சென்னைக்குள் கூடியது மூன்று லட்சம் பேர்தான், 43 லட்சம் 46 லட்சமானது. பெருநகரப் பகுதி முழுவதையும் சேர்த்தால் சுமார் 16 லட்சம் கூடியிருக்கிறது. அத்தனை பேரும் காலையில் உள்ளே வந்து இரவு வெளியே போக வேண்டும். நான் ஆறரைக்குக் கிளம்பி, இரவு பத்தரைக்கு வீடு சேர்வேன். கிளம்பும்போதும் மகள் தூங்குவாள், வரும்போதும் தூங்குவாள். அவள் முதல் அடி எடுத்து வைத்ததை உம்மா சொல்லித்தான் கேட்டேன்.

மகளுக்கு இப்போது பதினெட்டு வயது. "வாப்பா, நீங்க வீட்டில இருந்த நாள் எனக்கு ஞாயிறா மட்டும்தான் ஞாபகம் இருக்கு" என்கிறாள். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.


தொண்டியிலிருந்து:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் அக்காவுக்கு 2008-ல் ஏழாம் மாதத்திலேயே வலி வந்தது. தொண்டியிலிருந்து ராமநாதபுரம், அங்கே முடியாது என்று மதுரை. நூறு கிலோமீட்டருக்கு மேல். குழந்தை வழியிலேயே போய்விட்டது. ஐந்து வருடம் கழித்து எனக்கும் அதே ஏழாம் மாதம். நான் சென்னையில் இருந்தேன். ஆட்டோவில் இருபது நிமிடத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். மகன் இன்று ஆறாம் வகுப்பு படிக்கிறான்.

கூட்டம்தான். ஒரு கட்டிலில் இரண்டு தாய்மார். என் வீட்டுக்காரர் வராந்தாவில் பேப்பர் விரித்துப் பதினாறு நாள் படுத்தார். டோக்கன் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் ஆந்திராக்காரி, பின்னால் நின்றவள் விழுப்புரம். யாருமே அந்த நெரிசலுக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லை. அவரவர் ஊரில் கிடைக்காததற்காக வந்தவர்கள்.

அதனால்தான், வெளியூர்க்காரர்கள் வந்து சென்னையைக் கெடுத்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு தாங்காது. அந்த வெளியூர்க்காரி நான்தான். ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல்தான் வந்தது. பதினைந்து வருடம் முன்னால் வந்திருந்தால் அக்கா பிள்ளை இருந்திருக்கலாம். நானும் ஒருவேளை தொண்டியிலேயே இருந்திருப்பேன். மண்டபம் அண்ணன் தண்ணீரைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் போனவர்கள் எதற்காகப் போனோம் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.


பாம்பன் வலைக்காரன்:

அக்கா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். நானும் கடனுக்காகத்தான் காசிமேட்டுக்குப் போனேன், 2016-ல். போட்டில் கூலி.

நம் பக்கம் கரை வலை இழுத்தால் பாசி வரும், சிப்பி வரும், சில நாள் கடல் குதிரை மாட்டி அதைத் திரும்பக் கடலில் விடுவோம். அங்கே கூவம் முகத்துவாரத்தை ஒட்டி வலை போட்டால் முதலில் வருவது பிளாஸ்டிக் பை, செருப்பு, பிள்ளைகளின் டயப்பர். மீனைவிட அதைப் பிரிக்க அதிக நேரம். இத்தனை லட்சம் பேர் கழித்துப் போடுவது எங்கே போகும் என்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. வலை போட்டவனுக்குத் தெரியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது அங்கேதான் இருந்தேன். எண்ணூர்க்காரர்கள் வெறுங்கையால் எண்ணெயை அள்ளினார்கள். நானும் இரண்டு நாள் போனேன். கையில் அந்த வாடை ஒரு மாதம் இருந்தது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் திரும்பப் போகவில்லை.


ஆர்.எஸ். மங்கலம் கண்மாய்க்காரன்:

எனக்குக் குறைந்தது தண்ணீர் இல்லை, தண்ணீர் போகிற வழி.

எங்கள் குடும்பமே கண்மாய்ப் பாசனம். பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மடை எது, நிரம்பி மிஞ்சும் தண்ணீர் வெளியேறும் கலுங்கு எது, கரை எங்கே பலவீனம் என்று பத்து வயதிலேயே தெரியும். அப்படிப்பட்ட நான், 2010-ல் தாம்பரத்துக்கு மேற்கே மனை வாங்கும்போது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பக்கத்துத் தெருவின் பெயரே ஏரிக்கரைத் தெரு. ஏரி எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. புரோக்கர் சொன்னதெல்லாம் ஸ்டேஷன் எத்தனை நிமிடம், பள்ளிக்கூடம் எத்தனை நிமிடம் என்பதுதான்.

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. மறுநாள் காலை வரை தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். சாயங்காலம் வாசல்படியில் இருந்த தண்ணீர் இரவு பதினோரு மணிக்கு இடுப்பளவு. கரண்ட் போனது, போனும் போனது. மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்கு ஏற்றினேன். மாடியில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்தது. அது தெருவுக்குள் வந்த வெள்ளம் இல்லை. நாங்கள்தான் அதன் கால்வாய்க்குள் வீடு கட்டியிருந்தோம். கலுங்கிலிருந்து இறங்கிய தண்ணீர் பழைய வழியிலேயே நேராகப் போய்க்கொண்டிருந்தது. மூன்று நாள் மாடியில் இருந்தோம். பால் பாக்கெட் ஒன்று நூறு ரூபாய் என்று படகில் வந்தவர் கேட்டார், கொடுத்தேன்.

யோசித்துப் பாருங்கள். சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. நம் மாவட்டத்தில் 800-ஐ ஒட்டித்தான். அந்த 800-ஐ வைத்துத்தான் நம் முன்னோர் கண்மாய் வெட்டி, ஊரணி வெட்டிப் பிழைத்தார்கள். 1,400 பெய்கிற ஊர் ஒரு வருடம் மூழ்குகிறது, நாலாவது வருடம் ரயிலில் தண்ணீர் இறக்குகிறது. ஜனத்தொகை மட்டும் காரணமாக எனக்குத் தெரியவில்லை. வந்தவர்களுக்கு வீடு எங்கே கட்டினோம் என்பதுதான் காரணம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் மிஞ்சியிருப்பது பழைய பரப்பில் சிறு பங்குதான். 2022-ல் அதை உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். நம் மன்னார் வளைகுடாவும் அதே வருடம் அதே பட்டியலில் சேர்ந்தது. அங்கே மிச்சத்தைக் காப்பாற்ற, இங்கே இருப்பதைக் காப்பாற்ற.


மண்டபம் கரை:

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். தொண்டித் தங்கச்சி சொன்னது சரி. நான் திரும்பி வந்ததை ஏதோ பெரிய முடிவு போல எழுதிவிட்டேன். எனக்கு இங்கே வீடும் கொஞ்சம் சேமிப்பும் இருந்தது, அதனால் வர முடிந்தது.

கண்மாய் அண்ணே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ராமநாதபுரம் டவுனுக்கு வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இப்போது வரிசையாக பிளாட் கல் நட்டு, கலர் கொடி கட்டுகிறார்கள். என் மச்சான் அதில் ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார். நேற்று கூடப் போய்ப் பார்த்தேன். தரை தாழ்வு, ஓரத்தில் கருவேலம், நடுவில் பழைய செங்கல் கட்டு ஒன்று பாதி புதைந்து கிடக்கிறது. மடை மாதிரி தெரிகிறது. எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.


ஆர்.எஸ். மங்கலம் கண்மாய்க்காரன்:

அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்று முதலில் மச்சானுக்குப் போன் போடுங்கள். அப்புறம் சர்வே நம்பரை வாங்கி, வருவாய்த் துறை இணையத்தில் அ-பதிவேடு எடுத்துப் பாருங்கள். அதில் நிலம் எந்த வகை என்று இருக்கும். அதோடு விடாதீர்கள், சுற்றியுள்ள நான்கு சர்வே நம்பரையும் பாருங்கள். ஒன்றில் கண்மாய் என்றும் இன்னொன்றில் வாய்க்கால் என்றும் வந்தால், நடுவில் இருப்பது பட்டா நிலமாகவே இருந்தாலும் தண்ணீர் அந்த வழியாகத்தான் போகும். கிராமத்தில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவரிடம், பெரிய புயல் வந்த வருடம் இங்கே எதுவரை தண்ணீர் நின்றது என்று கேளுங்கள்.

அந்தச் செங்கல் கட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன்.


மண்டபம் கரை:

போன் போட்டுவிட்டேன் அண்ணே. ஞாயிறு காலை ஏழு மணிக்கு பைபாஸில் நிற்கிறேன். அம்மாவும் வருகிறேன் என்கிறார், அந்தக் கண்மாயில் சின்ன வயதில் குளித்த ஞாபகம் இருக்கிறதாம்.