பிஎஸ்5 வாங்கப் போகிறேன்: டிஸ்க் மாடலா, டிஜிட்டல் மாடலா?

அலமேலுமங்காபுரம்_அருண்

போனஸ் வந்துவிட்டது. சோனியின் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கேம் கன்சோல் வாங்குவது உறுதி, எந்த மாடல் என்பதில்தான் வீட்டில் சண்டை. 2021-ல் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் டிரைவ் உள்ள மாடல் 49,990, டிரைவ் இல்லாமல் டவுன்லோட் மட்டும் செய்யும் டிஜிட்டல் மாடல் 39,990. 2024-ல் ஸ்லிம் வந்தபோது 54,990, 44,990. இரண்டு முறையும் அதே பத்தாயிரம் வித்தியாசம். இன்றைய விலை எதுவோ, கணக்குக்கு அதையே வைத்துக்கொள்கிறேன். அந்தப் பத்தாயிரத்தை டிரைவுக்குக் கொடுப்பதா, அதற்கு இரண்டு கேம் வாங்கிக்கொள்வதா? "டிஸ்க் எல்லாம் செத்துப்போன விஷயம்" என்கிறான் தம்பி. எனக்கு மனசு கேட்கவில்லை. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள். சென்னை, பெங்களூர்க்காரர்களின் கதை வேறு.

தோட்டப்பாளையம்_டான்

டிஸ்க். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். சோனியின் பெரிய கேம் ஒன்று புதிதாக வரும்போது 4,999 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடித்த கையோடு மூவாயிரத்துக்குத் தள்ளிவிட்டாலும் உங்கள் செலவு இரண்டாயிரம்தான். நாலு கேம் அப்படிக் கைமாறினால் டிரைவுக்குக் கொடுத்த பத்தாயிரம் திரும்பி வந்துவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் லாபம். டிஜிட்டலில் 4,999 கொடுத்தால் கொடுத்ததுதான். பிடிக்கவில்லை என்றாலும் அது உங்கள் தலையில்தான்.

2013-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை அறிவித்தபோது மைக்ரோசாஃப்ட் என்ன சொன்னது தெரியுமா? 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தலைகாட்ட வேண்டும், பழைய டிஸ்க்கை விற்பதற்கும் கட்டுப்பாடு. சோனி உடனே ஒரு சின்ன வீடியோ போட்டது. பிஎஸ்4 கேமை நண்பருடன் எப்படிப் பகிர்வது என்று தலைப்பு. ஒருவர் டிஸ்க்கை எடுத்து நீட்டுகிறார், இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான் வீடியோ. சில நாளில் மைக்ரோசாஃப்ட் பின்வாங்கிவிட்டது. அதே சோனிதான் இப்போது டிரைவ் இல்லாத மாடலைக் குறைந்த விலை என்று காட்டி விற்கிறது. அந்தப் பத்தாயிரத்தை அவர்கள் எங்கே திரும்ப எடுப்பார்கள் என்று யோசியுங்கள் அருண்.

காட்பாடி_ஃபைபர்

டான், அந்த மூவாயிரம் எந்த ஊர் விலை? நான் விற்றுப் பார்த்தவன். விளம்பரம் போட்டதும் "ப்ரோ லாஸ்ட் பிரைஸ்" என்று பத்துப் பேர் வருவான். அதில் ஒருவன் கிரீன் சர்க்கிளுக்கு வரச் சொல்வான். கத்திரி வெயிலில் அங்கே போய் நின்றால் போனை எடுக்க மாட்டான். கடைசியில் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு வருவேன். இந்த அலைச்சலுக்கெல்லாம் உங்கள் கணக்கில் கூலி போடவே இல்லை.

பொறுமை இருப்பவனுக்கு டிஜிட்டல்தான் மலிவு. வெளியான அன்றே ஆட வேண்டும் என்ற வெறி இல்லையென்றால், தள்ளுபடி வரும்போது பாதிக்குப் பாதி விலையில் எடுக்கலாம். யாரிடமும் பேரம் பேச வேண்டாம்.

இன்னொன்று. டிஸ்க் போட்டால் கேம் டிஸ்க்கிலிருந்து ஓடுகிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிஎஸ்5-ல் எல்லாக் கேமும் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி சேமிப்பகத்தில் இன்ஸ்டால் ஆக வேண்டும். முதல் மாடலில் 825 ஜிபி என்று போட்டிருந்தாலும் கைக்குக் கிடைப்பது 667-தான். ஆக, டிஸ்க் என்பது வெறும் சாவி. சில சமயம் அதுவும் சரியில்லை. 2022-ல் வந்த கால் ஆஃப் டூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2-ன் பிஎஸ்5 டிஸ்க்கில் இருந்தது சுமார் 70 எம்பி. மிச்சம் மொத்தத்தையும் டவுன்லோட் செய்ய வேண்டும். தன் ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு நிண்டெண்டோ "கேம் கீ கார்டு" என்றே ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. அந்தக் கார்டில் கேம் இருக்காது, டவுன்லோட் செய்யும் உரிமை மட்டும்தான் இருக்கும். சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் ஊரைக் கிண்டல் செய்வார்களே, அந்த வரிசையில் கேம் இல்லாத டப்பா.

கோட்டை_அகழி

ஃபைபர், நீங்களே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டீர்கள். நீங்கள் சொன்ன சாமி இல்லாத கோயில் நம் வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில்தான், அங்கே 1981-ல் லிங்கம் வைத்தாகிவிட்டது. அத்தனை காலம் அதை சத்துவாச்சாரியில் யாரோ பாதுகாத்து வைத்திருந்ததால்தான் திரும்பக் கொண்டுவர முடிந்தது. கையில் பிடிக்கிற பொருளாக இருந்ததால் காப்பாற்ற முடிந்தது. "சர்வர் கனெக்‌ஷன் ஃபெயில்டு" என்று வந்திருந்தால் எங்கே போய்த் தேடியிருப்பார்கள்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2023 மார்ச் 27-ம் தேதி நிண்டெண்டோ தன் பழைய கன்சோல்களான 3டிஎஸ், வீ யூ ஆகியவற்றின் ஆன்லைன் கடைகளை மூடியது. அதில் மட்டுமே விற்ற சின்னச் சின்ன கேம்கள் ஏராளம், எதற்கும் டப்பா கிடையாது. 2024 ஜூலை 29-ல் எக்ஸ்பாக்ஸ் 360 கடையும் மூடியது. ஏற்கெனவே வாங்கியவர்கள் மறுபடி இறக்கிக்கொள்ளலாம் என்கிறார்கள், சரி. புதிதாக ஒருவன் அந்தக் கடையில் வாங்க முடியாது. 2021-ல் சோனியும் தன் பழைய கன்சோல்களான பிஎஸ்3, வீட்டாவின் கடைகளை மூடப்போவதாக அறிவித்தது. ஆட்கள் போட்ட கூச்சலில்தான் அடுத்த மாதமே முடிவை மாற்றிக்கொண்டது.

வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023-ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் விற்பனைக்கே இல்லை. யாராவது பரணில் கேசட்டாகவோ சிடியாகவோ வைத்திருந்தால்தான் உண்டு. பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கிற பேச்சை விட எனக்கு இதுதான் பெரிது.

காட்பாடி_ஃபைபர்

அகழி சார், பரணில் வைத்தால் பிழைக்கும் என்பது எல்லாக் கேமுக்கும் பொருந்தாது. யூபிசாஃப்டின் "தி க்ரூ" கார் ரேஸ் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச் கடைசியில் சர்வரை அணைத்தார்கள். காசு கொடுத்து டிஸ்க் வாங்கி அலமாரியில் அழகாக அடுக்கி வைத்தவனுக்கும் அன்றோடு கேம் போச்சு. தனியாளாக ஆடுகிற பகுதிக்கும் சர்வர் வேண்டும் என்று கட்டியிருந்தார்கள். டவுன்லோட் செய்தவனுக்கும் டிஸ்க்காரனுக்கும் ஒரே கதி. டிஸ்க்கைக் கும்பிட்டவர்கள் என்ன செய்தார்கள்?

கோட்டை_அகழி

சண்டை போட்டார்கள். அந்தச் சம்பவத்தில்தான் "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்" இயக்கமே கிளம்பியது. ஐரோப்பாவில் அவர்களுடைய மனுவுக்கு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டிவிட்டது. விற்ற கேமை ஆட முடியாத நிலையில் விட்டுவிட்டுப் போகாதே என்பதுதான் கோரிக்கை. நீங்கள் காட்டுகிற உதாரணம் டிஸ்க்குக்கு எதிரானது இல்லை. எதற்கெடுத்தாலும் சர்வரைக் கேட்கிற கேமுக்கு எதிரானது. அந்த வழக்கத்தை வளர்த்தது உங்கள் டிஜிட்டல்தான்.

விருதம்பட்டு_விடுதி

எங்கள் ஹாஸ்டல் வைஃபையில் 100 ஜிபி இறக்குவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். டிஸ்க்.

குடியாத்தம்_கில்லாடி

நானும் என் அண்ணனும் பிசியில் ஆடுகிறவர்கள், அதனால் எட்டி நின்று வேடிக்கை பார்க்கிறேன். பிசியில் இந்தச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது வரும் லேப்டாப்பில் டிவிடி டிரைவ் எங்கே இருக்கிறது? கடையில் டப்பா வாங்கினாலும் உள்ளே டவுன்லோட் செய்வதற்கான எண் எழுதிய சீட்டுதான் இருக்கும்.

ஆனால் இரண்டு பேரும் சொல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. பிசி கேம் விற்கும் ஜிஓஜி தளத்தில் வாங்கினால் இன்ஸ்டாலர் ஃபைலையே முழுசாகக் கொடுத்துவிடுவார்கள். நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் பூட்டு கிடையாது. ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்தால் நாளைக்குக் கடையே இல்லாமல் போனாலும் ஓடும். டவுன்லோட் என்பதும் சொந்தமில்லை என்பதும் ஒன்றல்ல. பூட்டு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். வாங்குவது உரிமம் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியாவில் போட்ட சட்டம் 2025 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது. பிசி கேம் விற்கும் ஸ்டீம் தளம் அதற்கு முன்பே பணம் கட்டும் பக்கத்தில் அந்த வரியைச் சேர்த்துவிட்டது. படித்துவிட்டு வாங்குகிறவர் எத்தனை பேர்?

டான் சொன்ன "பிடிக்கவில்லை என்றால் உங்கள் தலையில்" என்பதும் பிசிக்குப் பொருந்தாது. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பி வரும். பகிர்வதற்கும் வழி இருக்கிறது. 2024-ல் வந்த ஸ்டீம் ஃபேமிலீஸில் ஒரே வீட்டில் ஆறு பேர் வரை சேரலாம். எங்கள் வீட்டில் பெரும்பாலும் வாங்குவது நான், ஆடுவது அண்ணன்.

தோட்டப்பாளையம்_டான்

தங்கச்சி, அருண் கேட்டது பிஎஸ்5. அதில் ஜிஓஜி எங்கே வந்தது?

குடியாத்தம்_கில்லாடி

வரவில்லை. அதனால்தான் பிசி வாங்கச் சொல்கிறேன்.

லாங்கு_பஜார்_பழைய_கடை

நான் இந்த வியாபாரத்தில் இருக்கிறவன், அதனால் நான் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்து படியுங்கள். டிவி கேம் கேசட் காலத்திலிருந்து பார்க்கிறேன். "9999 இன் 1" என்று அட்டையில் போட்டிருக்கும். உள்ளே உண்மையில் ஒரு கைப்பிடி கேம், அதுவே பெயர் மாறி மாறி வரும். அப்புறம் பிஎஸ்2-க்குச் சிப் போட்டு ஐம்பது ரூபாய் சிடி ஓட்டிய காலம். அதில் எது ஒரிஜினல் என்று யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. ஒரிஜினல் டிஸ்க் வாங்கும் பழக்கம் இந்தப் பக்கம் வந்ததே பிஎஸ்3, பிஎஸ்4 காலத்தில்தான்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ப்ளூ-ரேயில் தகவல் இருக்கும் படலம் மேல்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. மேலே கெட்டியான பூச்சு கொடுத்திருப்பதால் லேசான கீறலைத் தாங்கும். ஆழமாகக் கீறினால் பழைய சிடி மாதிரி பாலிஷ் போட்டு மீட்க முடியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, முடிந்தால் முழுசாக இன்ஸ்டால் ஆகிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்திலிருந்து வருகிறவர்கள் வெளிநாட்டில் இருக்கும் உறவினர் கொண்டுவந்த டிஸ்க் என்று கொடுப்பார்கள். பிஎஸ்5 டிஸ்க் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் ஓடும். டிஎல்சியில்தான், அதாவது கேமுக்குத் தனியாக வாங்கும் கூடுதல் பகுதிகளில்தான் சிக்கல். அமெரிக்க டிஸ்க்கை வைத்துக்கொண்டு இந்தியக் கணக்கில் டிஎல்சி வாங்கினால் ஒட்டாது. இதைத் தெரியாமல் வாங்கிவிட்டு என்னிடம் வந்து சண்டை போடுகிறார்கள்.

ஃபைபர் தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டிஸ்க் வரத்து குறைந்துவிட்டது. ஆலன் வேக் 2 கேமை 2023-ல் டிஜிட்டலாக மட்டும் விட்டார்கள், டிஸ்க் வர ஒரு வருஷம் ஆனது. அதுவரை கேட்டு வந்தவனுக்கு நான் எதைக் கொடுப்பது?

அலமேலுமங்காபுரம்_அருண்

நன்றி அண்ணா, டிஎல்சி விஷயம் தெரியாது. ஃபைபர், உங்களிடம் ஒரு கேள்வி. என்னிடம் இருப்பது 40 எம்பிபிஎஸ் இணைப்பு. சமாளிக்குமா? கோடையில் எங்கள் தெருவில் கரண்ட் வேறு போய்ப் போய் வரும்.

காட்பாடி_ஃபைபர்

40 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 5 எம்பி. 100 ஜிபி கேம் ஒன்றுக்கு ஐந்தரை மணி நேரம், அதுவும் வேகம் குறையாமல் வந்தால். இரவு போட்டுவிட்டுப் படுங்கள், காலையில் இருக்கும். கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரும், பயம் வேண்டாம். டிஸ்க் வாங்கினாலும் அப்டேட் இறக்காமல் தப்பிக்க முடியாது. 2020 டிசம்பரில் பிழைகளோடு வந்த சைபர்பங்க் 2077 டிஸ்க்கை அப்படியே போட்டு ஆடியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

தோட்டப்பாளையம்_டான்

சைபர்பங்கை நீங்கள் எடுத்திருக்கக் கூடாது. அந்த மாதமே சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்து தூக்கிவிட்டது. 2021 ஜூன் வரை பிளேஸ்டேஷனில் டிஜிட்டலாக வாங்கவே முடியாது. டிஸ்க் மட்டும்தான் கிடைத்தது.

காட்பாடி_ஃபைபர்

ஆமாம், டிஜிட்டலில் வாங்கியவர்களுக்கு சோனி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. டிஸ்க் வாங்கியவன் கடைக்காரரிடம் போய் நின்றான். பழைய கடை அண்ணனே சொல்லட்டும், அன்றைக்கு எத்தனை பேருக்குத் திருப்பிக் கொடுத்தார் என்று.

லாங்கு_பஜார்_பழைய_கடை

என்னை ஏன் இழுக்கிறாய் தம்பி? பிரித்த டப்பாவுக்கு யார் பணம் கொடுப்பார்கள்? பாதி விலைக்கு எடுத்துக்கொண்டேன். அப்டேட் வந்து கேம் சரியான பிறகு நல்ல விலைக்குப் போனது.

கோட்டை_அகழி

பார்த்தீர்களா, அந்த டிஸ்க்குக்குச் சந்தை இருந்தது. இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் ஸ்டீம் கணக்கில் இருக்கும் கேம்களை உங்கள் பையனுக்கு எழுதி வைக்க முடியுமா? கணக்கு வேறு ஒருவருக்கு மாறாது, உயிலில் எழுதினாலும் மாறாது என்பதுதான் ஸ்டீமின் பதில்.

காட்பாடி_ஃபைபர்

பாஸ்வேர்டை எழுதி வைப்பேன் சார். கல்யாணமே இன்னும் ஆகவில்லை.

அலமேலுமங்காபுரம்_அருண்

டிஸ்க் மாடல் என்று முடிவு செய்துவிட்டேன். தம்பி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறான், இணைப்பை 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மாற்ற வேண்டுமாம். பழைய கடை அண்ணா, ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்குமா?

லாங்கு_பஜார்_பழைய_கடை

மதியம் வரை இருப்பேன். யூரோப் டிஸ்க் நாலைந்து வந்திருக்கிறது. பேரம் பேசாமல் வாருங்கள்.