தொப்பி இல்லையென்றால் சல்யூட் இல்லை: பெங்களூரில் பார்த்தது, பட்டது

அல்சூர்வாசி:

எங்கள் வீடு அல்சூர் ஏரிக்கு இந்தப் பக்கம், எம்.இ.ஜி. சென்டர், அதாவது ராணுவத்தின் மெட்ராஸ் என்ஜினியர் குரூப் மையம், அந்தப் பக்கம். காலையில் பால் வாங்கப் போனாலே பச்சை உடுப்பு நாலைந்து கண்ணில் படும். அதனால் பட்டாளத்துக்காரர்களைப் பார்த்து வாய் பிளக்கிற ஆள் இல்லை நான். ஆனால் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் பார்த்த ஒரு விஷயம் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருக்கிறது.

இரண்டு பையன்கள், இருபது இருபத்திரண்டு வயசு இருக்கும். ஊருக்குப் போகிறார்கள் போல, ஜோலார்பேட்டை, காட்பாடி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் யூனிஃபார்மில். ஒருவன் தலையில் தொப்பி இருந்தது. இன்னொருவன் அதைக் கழற்றி மடித்துத் தோள்பட்டைப் பட்டியில் செருகிவிட்டு, டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கமாக ஓர் அதிகாரி வந்தார். தொப்பி போட்டவன் விறைப்பாக சல்யூட் அடித்தான். டீ குடித்தவன் கப்பைக் கீழே வைத்துவிட்டுத் துள்ளி எழுந்தான். ஆனால் கை மேலே போகவே இல்லை. இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு 'ஜெய் ஹிந்த் சார்' என்றான். அதிகாரியும் கோபப்படவில்லை, பதிலுக்கு ஜெய் ஹிந்த் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஏன் அவன் மட்டும் சல்யூட் அடிக்கவில்லை? பட்டாள வீட்டுக்காரர்கள், பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

முன்னாள் ஹவில்தார்:

அம்மா, அந்தப் பையன் செய்தது சரி. நம் படையில் தலையில் தொப்பி இல்லாமல் கையால் சல்யூட் கிடையாது. சாவ்தானில், அதாவது அட்டென்ஷனில் விறைத்து நின்று, பெரியவரை நேராகப் பார்த்து ஜெய் ஹிந்த் சொல்ல வேண்டும். அவ்வளவுதான், அதற்குள் மரியாதை முழுசாக அடங்கிவிட்டது. ஆனால் பிளாட்பாரத்தில் உடுப்போடு இருக்கும்போது தொப்பியைக் கழற்றினானே, அதுதான் தப்பு. அந்த இடத்தில் எங்கள் சுபேதார் சாப் வந்திருந்தால் ரயில் கிளம்பும்வரை பையனை விட்டிருக்க மாட்டார்.

நான் எம்.இ.ஜி.யில்தான் ரெக்ரூட்டாகச் சேர்ந்தேன், இதே அல்சூரில். 1780-இல் தொடங்கிய படை. எங்களுக்குப் பட்டப்பெயரே 'தம்பி'தான், வடக்கத்தி ரெஜிமென்ட்காரனும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவான். அங்கே ரைஃபிள் பிடிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னாடியே தொப்பி போடக் கற்றுக்கொண்டோம். சும்மா சொல்லவில்லை. புது பெரே, அதுதான் எங்கள் கம்பளித் தொப்பி, கையில் கொடுக்கும்போது தோசைக்கல் மாதிரி வட்டமாக, மொத்தையாக இருக்கும். அதை வெந்நீரில் முக்கிப் பிழிந்து, ஈரத்தோடு தலையில் போட்டு, வலது காதுப்பக்கம் இழுத்து இழுத்து நீவிவிடுவோம். பேட்ஜ் இடது கண்ணுக்கு நேர் மேலே வர வேண்டும். தோல்பட்டி நெற்றியில் சாயாமல் நேராக உட்கார வேண்டும். காயும்வரை அதைப் போட்டுக்கொண்டே பாரக்கில் திரிவோம். தலையெல்லாம் சாயம் இறங்கும். காய்ந்து இறுகினால் அந்தத் தொப்பி வேறு யார் தலைக்கும் பொருந்தாது.

வெளியில் இருந்தால் தொப்பி தலையில், கூரைக்குள் வந்தால் கையில். இதுதான் பொது விதி. டியூட்டியில் இருப்பவனுக்கு மட்டும் விலக்கு. கட்டடத்துக்குள் காவல் நிற்கும் சென்ட்ரி கழற்ற மாட்டான்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஏதாவது தப்புப் பண்ணி சி.ஓ. (யூனிட்டின் தலைமை அதிகாரி) முன்னால் நிறுத்தினால், வாசலிலேயே பெல்ட்டையும் தொப்பியையும் கழற்றச் சொல்லிவிடுவார்கள். கூட்டிக்கொண்டு போகிறவன் தலையில் தொப்பி இருக்கும், குற்றம் சாட்டப்பட்டவன் வெறுந்தலையோடு நிற்பான். கோபத்தில் பெல்ட்டைச் சுழற்றி அடித்துவிடக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம் என்று பாரக்கில் சொல்வார்கள். எனக்கென்னவோ அது ரெண்டாம்பட்சம். தொப்பி போன பிறகு அங்கே நீ சல்யூட் அடிக்கக்கூட ஆகாது, அந்த அவமானம் ஒன்றே போதும்.

ஃப்ரேசர் டவுன் ஃபிலிம் பைத்தியம்:

அப்போ ஹாலிவுட் படத்தில் ஆபீஸ் ரூமுக்குள் தொப்பி இல்லாமல் சல்யூட் அடிக்கிறார்களே?

முன்னாள் ஹவில்தார்:

அமெரிக்க ராணுவத்தில் உள்ளே போய் அதிகாரியிடம் ரிப்போர்ட் பண்ணும்போது வெறுந்தலையோடு சல்யூட் அடிக்கலாம், அது அவர்கள் விதி. நம்முடையது பிரிட்டிஷ் வழி வந்தது. நம் ஊர்ப் படங்களில் ஹீரோ காற்றில் முடி பறக்க அடிக்கிற சல்யூட்டுக்கு எந்த நாட்டு விதியும் பொருந்தாது, விடுங்கள்.

கப்பன் ரோடு:

ஒவ்வொரு ஜனவரி 26-க்கும் மானெக்‌ஷா பரேடு கிரவுண்டுக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போவேன். அவன்தான் கண்டுபிடித்தான், முப்படையும் ஒரே மாதிரி சல்யூட் அடிப்பதில்லை. ராணுவத்தில் உள்ளங்கை முன்னால் தெரியும். கடற்படையில் கை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். விமானப்படை 2006 வரை ராணுவம் மாதிரியே அடித்துக்கொண்டிருந்து, பிறகு உள்ளங்கையை 45 டிகிரிச் சாய்வுக்கு மாற்றிக்கொண்டது. எனக்கு ஒரு சந்தேகம். தொப்பி இல்லாமல் சல்யூட் இல்லை என்றால், மேடையில் நிற்கும் பெரிய மனிதர்கள் வெறுந்தலையோடு மரியாதையை ஏற்கிறார்களே?

முன்னாள் ஹவில்தார்:

அதற்குத் தேசியக் கொடி விதிகளிலேயே இடம் இருக்கிறது. உடுப்பில் இருப்பவர் சல்யூட் அடிக்க வேண்டும், மற்றவர் அட்டென்ஷனில் நிற்க வேண்டும், பிரமுகர் தலையணி இல்லாமலே மரியாதையை ஏற்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

மெஸ்ஸில் வேலை பார்த்தவன்:

ஊரிலிருந்து வந்த புதிதில் ஓர் ஆபீசர்ஸ் மெஸ்ஸில், அதாவது அதிகாரிகள் சாப்பிடும் இடத்தில், பரிமாறும் வேலையில் இருந்தேன். எது என்று வேண்டாம். வாசலில் ஒரு நீள மேஜை, அதன் மேல் வரிசையாகத் தொப்பிகள் இருக்கும். நீலம், கறுப்பு, மெரூன், வகைவகையாக. கறுப்பு டாங்கிப் படைக்காரருடையது, மெரூன் பாராக்காரருடையது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. பெங்களூரில் பாராசூட் ரெஜிமென்ட் சென்டரும் இருப்பதால் மெரூனுக்குப் பஞ்சமே இல்லை. மேஜையைப் பார்த்தே உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன்.

ஒரு தடவை புதிதாக வந்த லெப்டினன்ட் ஒருவர் அவசரத்தில் தொப்பியோடு பார் பக்கம் வந்துவிட்டார். யாரும் கத்தவில்லை. ஒரு கர்னல் மட்டும் என்னைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, 'இன்றைக்கு இங்கே இருக்கும் அத்தனை பேர் குடிப்பதும் இந்த சாப் கணக்கில் எழுது' என்றார். பாவம், அன்று சனிக்கிழமை வேறு, கூட்டம்.

சீக்கிய அதிகாரிகள் தலைப்பாகையோடுதான் வருவார்கள், உட்காருவார்கள், சாப்பிடுவார்கள். அது கழற்றி வைக்கும் தொப்பி இல்லையே.

என்சிசி அம்மா:

நான் பட்டாள வீடு இல்லை. மகள் காலேஜில் என்.சி.சி.யில் சேர்ந்த பிறகு அரைப் பட்டாளமாகிவிட்டது வீடு. பரேடு முடிந்து வரும் வழியில் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் தோழிகளோடு பானிபூரி சாப்பிட்டிருக்கிறாள், உடுப்போடு, தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு. அதே தெருவில் அவர்கள் யூனிட் மேடம் துணி வாங்க வந்திருக்கிறார். மறுநாள் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டுவிட்டார். உடுப்பில் இருக்கும்போது தெருவில் நின்று தின்னக் கூடாது, பாக்கெட்டில் கை விடக் கூடாது, இவ்வளவும் பட்டியலாக வீட்டுக்கு வந்தது.

நான் ஒத்துக்கொள்ளாதது ஒன்றுதான், குடை. பெங்களூர் மழை சொல்லிக்கொண்டா வருகிறது? உடுப்பில் குடை பிடிக்கக் கூடாதாம். ரெயின்கோட் வாங்கிக் கொடுத்தேன், அது சரியாம். என்ன நியாயமோ.

கப்பன் ரோடு:

அம்மா சொல்வது சரிதான். இதெல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம். எதற்கு இன்னும் பிடித்துத் தொங்க வேண்டும்?

முன்னாள் ஹவில்தார்:

குடை பிடித்தால் வலது கை அடைபட்டுப் போகும், சல்யூட் எப்படி அடிப்பது? அதற்காகத்தான் பையைக்கூட இடது கையில் தூக்கச் சொல்வார்கள். ஆனால் எல்லாவற்றையும் அப்படியே பிடித்துத் தொங்குகிறார்கள் என்று சொல்ல முடியாது. 2023 ஆகஸ்டு 1 முதல் பிரிகேடியரும் அதற்கு மேலுள்ளவர்களும் எந்த ரெஜிமென்டிலிருந்து வந்தவரானாலும் ஒரே மாதிரி தொப்பி, ஒரே மாதிரி பெல்ட், ஷூ. தோளில் தொங்கும் லேன்யார்ட் கயிறும் அவர்களுக்கு இல்லை. மேலே போன பிறகு 'என் ரெஜிமென்ட், உன் ரெஜிமென்ட்' என்பது தெரியக் கூடாது என்பதற்காக. முப்பது வருஷம் மெரூன் தொப்பி போட்டவருக்கு அதைக் கழற்றி வைப்பது லேசா? என்னைக் கேட்டால் குடையை அனுமதிப்பதைவிட இது பெரிய மாற்றம்.

மர்பி டவுன்:

அப்பா சர்வீஸில் இருக்கும்போதே இறந்தார். உடலைக் கொண்டுவந்தபோது பெட்டியின் மேல் தேசியக் கொடி, அதன் மேல் அவருடைய தொப்பியும் பெல்ட்டும். வீட்டு வாசல் சின்னது, சந்து அதைவிடச் சின்னது. தூக்கி வந்தவர்கள் திரும்ப இடமில்லாமல் தவித்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் அழுதுகொண்டே பூ போட வந்தபோது ஒரு சுபேதார் தமிழில், 'தொப்பி மேல விழாம போடுங்கம்மா' என்று மெதுவாகச் சொன்னார். அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வந்தது, என்ன மனுஷன் இவர் என்று.

கல்பள்ளி மயானத்தில் கொடியை எடுத்து மடித்தார்கள். அது சிதையோடு போகக் கூடாது என்பது விதி. மடித்த கொடியோடு தொப்பியையும் அம்மா கையில் கொடுத்தார்கள். கொடுத்தவர் அதற்குப் பிறகு ஓர் அடி பின்னால் வைத்து அம்மாவுக்கு சல்யூட் அடித்தார். அம்மா அதுவரை அழவில்லை.

இப்போதும் நினைவஞ்சலிக்குக் கூப்பிட்டால் அப்பாவின் மெடலைக் குத்திக்கொண்டு போவார், வலது பக்கத்தில். இடது பக்கம் வாங்கியவருக்கு மட்டும்தான். ஒரு தடவை யாரோ தெரியாமல் 'மாத்திக் குத்தியிருக்கீங்க' என்று சொல்லப்போய், அம்மா அவருக்கு அங்கேயே பாடம் எடுத்துவிட்டார்.

சிவாஜி நகர் டிரெக்கர்:

நான் கேட்பது கொஞ்சம் அற்பமாகத் தெரியலாம். வார இறுதியில் மலையேறப் போவேன். போன மாதம் ஒரு கடையில் அச்சு அசல் ஆர்மி மாதிரியே இருக்கும் பேன்ட்டும் சட்டையும் தொப்பியும் செட்டாக வாங்கினேன். சிக்னலில் நின்றிருந்தபோது பக்கத்து ஜீப்பிலிருந்து சிவப்புத் தொப்பி போட்ட மிலிட்டரி போலீஸ் ஒருவர் எட்டிப் பார்த்து, 'எந்த யூனிட்?' என்றார். 'ஐ.டி. கம்பெனி சார்' என்றேன். சிரிக்கவே இல்லை. 'தொப்பியைக் கழற்று, வீட்டுக்குப் போய் மிச்சத்தையும் கழற்று' என்றுவிட்டுப் போனார். இது சட்டப்படி குற்றமா?

முன்னாள் ஹவில்தார்:

படைவீரன் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு அந்த உடுப்பையோ அடையாளத்தையோ போட்டால் குற்றம். பழைய இ.பி.கோ.வில் 140, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 168. மூன்று மாதம்வரை சிறை, அல்லது 2,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். உங்களுக்கு அந்த நோக்கம் இல்லை, சரி. ஆனால் பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்? 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்க வந்த தீவிரவாதிகள் ராணுவ உடுப்பில்தான் வந்தார்கள். அதற்குப் பிறகுதான் பொதுமக்கள் இப்படிப் போடாதீர்கள், கடைக்காரர்கள் விற்காதீர்கள் என்று ராணுவமே கேட்டுக்கொண்டது. 2022 ராணுவ தினத்தில் வெளியிட்ட புது காம்பாட் (போர்க்கள) உடுப்பின் டிசைனைப் பதிவும் செய்து வைத்திருக்கிறார்கள், கண்ட கடையிலும் தைத்து விற்க முடியாது.

அந்தத் தொப்பியில் பேட்ஜ் ஏதாவது குத்தியிருக்கிறதா?

சிவாஜி நகர் டிரெக்கர்:

இருக்கிறது சார். கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தார்.

முன்னாள் ஹவில்தார்:

முதலில் அதைக் கழற்றுங்கள். பேன்ட்டை வேண்டுமானால் சாயம் போட்டுக் கறுப்பாக்கிக்கொள்ளுங்கள், அல்சூரில் சாயக்கடைகள் உண்டு. நல்ல துணிதான், மலை ஏற உதவும்.