120 பாகை வட்டத்துண்டின் பரப்பு: விளக்கம் வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். சென்னை பெரம்பூரில் வசிக்கும் நான், சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தருகிறேன்.

ஆரம் 14 செ.மீ., மையக்கோணம் 120 பாகை. நாண் வெட்டும் சிறிய வட்டத்துண்டின் பரப்பைக் காண வேண்டும். பையின் மதிப்பை 22/7 எனக் கொண்டால், வட்டக்கோணப்பகுதியின் (இரு ஆரங்களுக்கும் வில்லுக்கும் இடைப்பட்ட பகுதியின்) பரப்பு ஏறத்தாழ 205.33 ச.செ.மீ. ஆகிறது. மையத்திலிருந்து நாணுக்கு இறக்கிய செங்குத்தின் நீளம் 7, அரைநாணின் நீளம் 7√3. எனவே இரு ஆரங்களும் நாணும் அமைக்கும் முக்கோணத்தின் பரப்பு 49√3, அதாவது ஏறத்தாழ 84.87. கழித்தால் 120.46 ச.செ.மீ. கிடைக்கிறது.

மகளோ, இந்த விரிகோண முக்கோணத்துக்குப் பக்கம் 14 உள்ள சமபக்க முக்கோணத்தின் சூத்திரத்தையே போட்டுவிட்டாள். அதே 49√3 வந்தது. தவறு என்று அடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. காகிதத்தில் வரைந்து, செங்குத்தின் வழியே வெட்டி, இரு பாதிகளையும் அரைநாண்கள் ஒன்றோடொன்று பொருந்துமாறு ஒட்டியபோது, சமபக்க முக்கோணமே அமைந்தது. அவள் முகம் மலர்ந்தது.

ஆனால் 150 பாகைக்கு என்ன செய்வது என்று உடனே கேட்டாள். பாடத்திட்டம் 60, 90, 120 பாகைகளோடு நின்றுவிடுகிறது. விரிகோணத்தின் சைன் மதிப்பை அவள் இன்னும் படிக்கவில்லை. ஓர் ஆரத்தை மையத்துக்கு அப்பால் நீட்டி, நாணின் மறுமுனையிலிருந்து அதற்குச் செங்குத்து இறக்கினால், உயரம் 7, பரப்பு 49 என வருகிறது. இதை, 14 செ.மீ. பக்கங்கள் இரண்டுக்கு இடையே 30 பாகை உள்ள முக்கோணத்தோடு வெட்டி ஒட்டிக் காட்ட எளிய வழி உண்டா? ஆசிரியர்கள் படத்துடன் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.