வானம் திட்டுத்திட்டாகக் காய்கிறது, பாறை மலை சேறாகிறது: வாட்டர்கலர் உதவி தேவை

பாலாறு_ஸ்கெட்ச் (கேள்வி)

வணக்கம். வேலூர் கோட்டை அகழிப் பக்கம் உட்கார்ந்து, கிழக்கே தெரியும் பாறை மலைகளை வாட்டர்கலரில் வரைந்து பழகுகிறேன். எட்டுத் தாள் முடிந்துவிட்டது. எட்டிலும் அதே இரண்டு கோளாறு.

முதலாவது வானம். மேலிருந்து கீழே நீலத்தை இழுத்துக்கொண்டு வந்தால், பாதி வருவதற்குள் மேலே காய்ந்து கோடு விழுந்துவிடுகிறது. கோட்டை மழுக்க ஈரத் தூரிகையால் தொட்டால் காலிஃபிளவர் மாதிரி ஓரம் கட்டிய திட்டு.

இரண்டாவது மலை. எவ்வளவு கவனமாகக் கலந்தாலும் காய்ந்ததும் சாம்பலும் பச்சையும் கலந்த சேற்று நிறம். பாறை என்றே தெரியவில்லை, புதர் மண்டிய மண்மேடு போல இருக்கிறது.

பயன்படுத்துவது: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) ஏ4 தாள் (பருத்தி என்று அட்டையில் போடவில்லை), 12 நிற மாணவர் தர டியூப் பெட்டி, 6ஆம் எண் வட்டத் தூரிகை, வீட்டு போர் தண்ணீர். நேரம் காலை 10 முதல் 12. மலைக்கு சாப் கிரீன் (இலைப் பச்சை), பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), கருப்பு. வெயில் படும் இடத்துக்கு வெள்ளை கலக்கிறேன். தாளை மாற்றுவதா, கலரை மாற்றுவதா?

கருங்கல்

இரண்டையும் அப்புறம் பார்க்கலாம். முதலில் நேரத்தையும் தூரிகையையும் மாற்றுங்கள்.

ஏப்ரல் மாதம் வேலூரில் 10 மணிக்கு மேல் காற்றில் ஈரம் குறைந்துவிடும். ஏ4 தாளில் வானத்துக்கு விட்ட பூச்சு இரண்டு மூன்று நிமிடத்தில் பளபளப்பை இழந்துவிடும். 6ஆம் எண் தூரிகை பிடிக்கும் தண்ணீர் மூன்று நான்கு இழுப்புக்குத்தான் வரும். அடுத்த முறை தட்டில் தோய்த்துத் திரும்புவதற்குள் பழைய ஓரம் காய்ந்துவிடுகிறது. கோடு அதனால்தான்.

திட்டுக்குக் காரணம் வேறு. பூச்சு பாதி காய்ந்த நிலையில், அதைவிட ஈரமான தூரிகை தொட்டால் புதுத் தண்ணீர் காய்ந்த பக்கம் ஓடும். ஓடும்போது நிறமித் துகளையும் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் விட்டுவிடும். அந்த ஓரம்தான் காலிஃபிளவர். ஆகவே கோடு விழுந்த பிறகு தொடாமல் இருப்பதே பாதி வைத்தியம்.

வானத்துக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். 12 அல்லது 14ஆம் எண் வட்டத் தூரிகை, இல்லாவிட்டால் ஒன்றரை அங்குலத் தட்டைத் தூரிகை. கலரை முன்கூட்டியே கிண்ணத்தில் கரைத்து வையுங்கள். ஏ4 வானத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி நீர்க்கலவை வேண்டும், பாதியில் தீர்ந்து மறுபடி கலக்கவே கூடாது. பலகையின் மேல்பக்கத்துக்கு அடியில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தைச் செருகிச் சரிவு கொடுங்கள். ஒவ்வொரு இழுப்பின் கீழ் ஓரத்திலும் தண்ணீர் மணிபோலத் திரண்டு நிற்க வேண்டும். அடுத்த இழுப்பு அந்த மணியைத் தொட்டுக் கீழே இறக்கிக்கொண்டு போக வேண்டும். கடைசியில் தேங்கும் மணியைப் பிழிந்த தூரிகையால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். விட்டுவிட்டால் அதுவே மேலே ஏறி இன்னொரு திட்டு போடும்.

மின்விசிறி ஓடும் அறையிலும் இதே கோளாறு வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

குடியாத்தம்_தூரிகை

கருங்கல் அண்ணா சொன்னதோடு ஒன்று. வெளியில் உட்கார்ந்துதான் வானமும் போட வேண்டும் என்றால் தாளின் பின்பக்கத்தையும் நனைக்கலாம். இருபக்கமும் நன்றாக ஈரமாக்கி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஓர் அக்ரிலிக் ஷீட்டின் மேல் காற்றுக்குமிழி இல்லாமல் ஒட்டவையுங்கள். பசையே வேண்டாம், ஈரமே பிடித்துக்கொள்ளும். மேலே தேங்கிய நீரைத் துணியால் ஒற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அடியில் இருக்கும் ஈரம் மேலே ஏறிக்கொண்டே இருப்பதால் நிழலில் இருபது நிமிடமாவது கிடைக்கும். பிளைவுட்டில் இது ஆகாது, மரம் ஈரத்தைக் குடித்துவிடும்.

மருந்துக்கடை கிளிசரின் நாலைந்து சொட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டாலும் காய்வது தாமதமாகும்.

ஆரணி_மை

கிளிசரின் விஷயத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஏப்ரலில் சரி. அதே பழக்கத்தில் நவம்பர் மழையில் போட்டால் படம் நாள் முழுக்கப் பிசுபிசுக்கும், அடுக்கி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டும், பூஞ்சை பிடிக்கும். கோடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மலைக்கு வருகிறேன். சேற்று நிறத்துக்கு நீங்கள் எழுதிய பட்டியலிலேயே பதில் இருக்கிறது.

மாணவர் பெட்டியில் வரும் சாப் கிரீன் பெரும்பாலும் இரண்டு மூன்று நிறமி சேர்ந்த கலவை. அதோடு அம்பர், அதோடு கருப்பு, மேலே வெள்ளை. ஒரே புள்ளியில் ஐந்தாறு நிறமி! வாட்டர்கலரில் வெளிச்சம் கலரை ஊடுருவித் தாளில் பட்டுத் திரும்புவதுதான் பளிச்சென்று தெரியும். வெள்ளை கலந்தால் அந்த வழி அடைபட்டுச் சுண்ணாம்புப் பூச்சாகிவிடும். வெயில் படும் இடத்துக்குத் தாளின் வெள்ளையே போதும், அங்கே கலரைக் குறைக்கத்தான் வேண்டும்.

கருப்பு, வெள்ளை இரண்டையும் எடுத்து உள்ளே வையுங்கள். வேலூர்ப் பாறைக்கு மூன்று டியூப் போதும்: அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓகர் (மண் மஞ்சள்). அல்ட்ராமரின் இரண்டு பங்கு, சியன்னா ஒரு பங்கு போட்டால் குளிர்ந்த சாம்பல், அது நிழல் முகத்துக்கு. பங்கைத் திருப்பிப் போட்டால் சூடான பழுப்புச் சாம்பல், அது பாறை இடுக்குக்கு. ஓகரை நிறையத் தண்ணீரில் கரைத்து, சியன்னா தூரிகை நுனியளவு சேர்த்தால் வெயில் முகம். அல்ட்ராமரினின் துகள் தாளின் குழிகளில் தங்கிப் பொரிப்பொரியாகக் காயும். கருங்கல்லின் சொரசொரப்பு நீங்கள் எதுவும் செய்யாமலே வந்துவிடும். தாளின் மேல் மறுபடி மறுபடி தேய்த்தால் அந்தப் பொரி கலைந்து போகும். வைத்தோம், விட்டோம் என்று இருங்கள்.

டியூப்பின் பக்கவாட்டில் நிறமி எண் இருக்கும், பாருங்கள். பிபி 29 என்றால் அல்ட்ராமரின், பிபிஆர் 7 என்றால் சியன்னா, அம்பர் வகை மண் நிறமி, பிஒய் 42 அல்லது 43 என்றால் ஓகர். ஒரே எண் இருக்கும் டியூப் கலக்குவதற்கு நல்லது. மூன்று எண் இருந்தால் அது ஏற்கெனவே கலந்தது.

கருங்கல்

மலை மண்மேடு போலத் தெரிவதற்கு இன்னொரு காரணம், பார்க்கும் நேரம். கோட்டையிலிருந்து பார்த்தால் மலைகள் கிழக்கே இருக்கின்றன. காலையில் சூரியன் அவற்றின் பின்னால் இருக்கும். நம் பக்கம் முழுக்க நிழல், தட்டையாகத்தான் தெரியும். 12 மணிக்கோ ஏப்ரல் கடைசியில் சூரியன் நம் ஊருக்கு நேர் உச்சியில் நிற்கும், நிழலே விழாது. மாலை 4.30க்கு மேல் போய்ப் பாருங்கள். மேற்கு வெயில் பாறை முகத்தில் நேராக அடிக்கும். ஒவ்வொரு உருண்டைக் கல்லுக்கும் ஒரு மஞ்சள் முகம், ஒரு நீல நிழல், இரண்டுக்கும் நடுவே ஒரு கூரான விளிம்பு தெரியும்.

பாறையில் மேலிருந்து வழிந்த மாதிரிக் கரும்பட்டைகள் இருக்கும், கவனித்திருப்பீர்கள். மழைநீர் ஓடிய தடத்தில் பிடித்த பாசி அது. அதை நேர்கோடாகப் போடக் கூடாது. கல்லின் வளைவைத் தழுவிக்கொண்டு இறங்கும், மேலே அடர்த்தி, கீழே வெளிறும். நாலைந்து பட்டை சரியாக வளைந்தால் கல் உருண்டு நிற்கும். நிழல் போட்டு உருட்டுவதைவிட இது வேகமான வழி.

பச்சை இடுக்குகளில் மட்டும். கோடையில் அந்தப் புதரும் பாதி காய்ந்திருக்கும், அதனால் சாப் கிரீனில் சியன்னா பாதி.

பாலாறு_ஸ்கெட்ச்

எல்லோருக்கும் நன்றி. பெரிய தூரிகையும் சரிவும் வைத்துக் காலை 6.30க்கு வானம் போட்டேன். கோடு போய்விட்டது. மூன்று டியூப்பில் மலையும் பாறையாகத் தெரிகிறது. இரண்டு சந்தேகம் மீதி.

வானத்தில் இப்போது திட்டு இல்லை, ஆனால் கடுகளவு கரும்புள்ளிகள் இறைந்து கிடக்கின்றன. ஓரம் கட்டவில்லை, மை ஒற்றுத்தாளில் மை ஊறினது போல இருக்கிறது. போர் தண்ணீராலா?

மாலையில் வெளியே உட்கார்ந்து முடித்த மலை, வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தால் ரொம்ப இருட்டாக இருக்கிறது. காய்ந்தால் வெளிறும் என்றுதானே சொல்வார்கள்?

குடியாத்தம்_தூரிகை

புள்ளிக்குத் தண்ணீர் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் சொல்வது தாளின் பசைப்பூச்சு போன அடையாளம். நல்ல தாளில் தண்ணீரை உடனே குடிக்காமலிருக்க ஜெலட்டின் மாதிரிப் பசை ஏற்றியிருப்பார்கள். மழைக்காலத்தில் ஈரத்தில் கிடந்த தாளில் அது அங்கங்கே கெட்டுவிடும். உலர்ந்த தாளில் பார்த்தால் தெரியாது, கலர் விட்ட பிறகுதான் காட்டிக்கொடுக்கும்.

சோதனை: மூலையில் ஒரு சொட்டு சுத்தமான தண்ணீர் விடுங்கள். குவிந்து நின்றால் தாள் நலம். சில நொடிகளில் உள்ளே இறங்கி ஈரத் தடமாகிவிட்டால் பசை போயிற்று. ஒரே இடத்தில் பார்த்துவிட்டு நிறுத்த வேண்டாம், ஐந்தாறு இடத்தில் விட்டுப் பாருங்கள். கெட்ட தாளை மீட்க மெனக்கெட வேண்டாம். கரிக்கோலுக்கும் பென்சிலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) பூசினால் அக்ரிலிக்குக்கும் ஆகும். புதுத் தாள்கட்டைப் பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, சுவரை ஒட்டாமல் அலமாரியில் வையுங்கள்.

தண்ணீரையும் சோதித்துவிடலாம், கஷ்டமில்லை. ஒரே அல்ட்ராமரினை ஒரு கிண்ணத்தில் போர் தண்ணீரிலும் இன்னொன்றில் ஆர்ஓ தண்ணீரிலும் கரைத்து, பக்கத்தில் பக்கத்தில் இழுங்கள். உப்புத் தண்ணீரில் துகள் திரண்டு திப்பிதிப்பியாக நிற்கும். பாறைக்கு அது கெடுதல் இல்லை. வானத்துக்கு ஆர்ஓ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆரணி_மை

இருட்டுக்குக் காரணம், தாள் மேலேயே வெயில் விழுந்தது. வெள்ளைத் தாள் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். அதை அடக்க நம்மை அறியாமலே கலரை அடர்த்தியாகப் போட்டுக்கொண்டே போவோம். காயும்போது கொஞ்சம் வெளிறுவது உண்மைதான், ஆனால் இந்த மிகையை அது ஈடுகட்டாது. தாளும் கலர்த் தட்டும் இரண்டுமே நிழலில் இருக்க வேண்டும். ஒன்று வெயிலிலும் ஒன்று நிழலிலும் இருந்தால் இன்னும் மோசம். குடை பிடிப்பதானால் கருப்புக் குடை. சிவப்பு, நீலக் குடை அந்தச் சாயலைத் தாளில் இறக்கிவிடும்.

வரையத் தொடங்குமுன் கைப்பேசியில் காட்சியைப் படமெடுத்துக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். வெயில் படும் பாறைக்கும் வானத்துக்கும் அடர்த்தி வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவாக இருக்கும். நிழல் முகமும் அடிவாரத்துப் புளியமரமும்தான் உண்மையில் இருட்டு. புளியமரத்துக்கு ஒதுக்கிய அடர்த்தியைப் பாறைக்குச் செலவழித்துவிட்டால், மரத்துக்குப் போட எதுவும் மிஞ்சாது.

பாலாறு_ஸ்கெட்ச்

சொட்டு விட்டுப் பார்த்தேன், ஆறில் நான்கு இடம் குடித்துவிட்டது. தாள்தான். கடைசியாக ஒன்று: ஏற்கெனவே இருட்டாகிப்போன மலையை வெளிற வைக்க முடியுமா? அந்த ஒரு தாளில் மட்டும் பட்டைகள் நன்றாக விழுந்திருக்கின்றன, தூக்கிப்போட மனமில்லை.

கருங்கல்

முடியும், மலைக்கு அல்ட்ராமரினும் மண் நிறமும்தானே போட்டீர்கள்? இரண்டும் தாளை விட்டு எழும். தாலோ, பிரஷ்யன் நீலங்கள் என்றால் கறையாகப் பிடித்திருக்கும், எடுக்க வராது.

தாள் முழுதாகக் காயட்டும். அரை அங்குலத் தட்டைத் தூரிகையைச் சுத்தத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, வெயில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு மூன்று முறை வருடுங்கள். பத்து நொடி விட்டு, டிஷ்யூவை நேராக வைத்து அழுத்தி எடுங்கள், தேய்க்க வேண்டாம். போதவில்லை என்றால் காயவிட்டு மறுபடி. பசை போன தாள் என்பதால் மூன்றாவது முறைக்கு மேல் நார் எழும்பிவிடும், அங்கே நிறுத்திவிடுங்கள். பட்டைகளின் ஓரத்தில் ஒரு நூலளவு இடம் விட்டே ஈரம் வையுங்கள். எடுத்த இடம் காய்ந்த பிறகு, மேலே ஓகர் ஒரே ஒரு மெல்லிய பூச்சு.