அசிட்டேட் பஃபர்: 5.0 வர வேண்டிய பி.எச். 4.71 காட்டுகிறது, எங்கே தவறு?

கேள்வி

வணக்கம். 0.1 மோலார் அசிட்டேட் பஃபர் (பி.எச். எளிதில் மாறாத கரைசல்) 500 மி.லி. வேண்டும், பி.எச். 5.0. அசிட்டிக் அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண்ணான பி.கே.ஏ.வை 4.76 என்று வைத்து ஹெண்டர்சன்–ஹாசல்பால்ச் சமன்பாட்டில் போட்டால் உப்புக்கும் அமிலத்துக்கும் விகிதம் 1.74. மொத்தம் 0.05 மோல், அதில் சோடியம் அசிட்டேட் 0.0317, அசிட்டிக் அமிலம் 0.0183. உப்பை மூலக்கூறு எடை 82 ஆல் பெருக்கி 2.60 கிராம் எடுத்தேன். கிளேசியல் (நீர் கலக்காத) அசிட்டிக் அமிலம் 1.05 மி.லி. கரைத்து 500 வரை நிரப்பினால் மீட்டர் 4.71 என்கிறது. 4, 7 இரண்டு தரக்கரைசலிலும் மீட்டரைச் சரிபார்த்த பிறகுதான் அளந்தேன். கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன். நாளை நொதி சோதனைக்கு இது வேண்டும், உதவுங்கள்.

பதில் 1

கணக்கில் தவறில்லை. உப்புப் புட்டியின் லேபிளைப் பாருங்கள். மூலக்கூறு எடை 82.03 என்றிருந்தால் நீரற்ற உப்பு. 136.08 என்றிருந்தால் ட்ரைஹைட்ரேட், அதாவது ஒவ்வொரு மூலக்கூறோடும் மூன்று நீர் மூலக்கூறுகள் சேர்ந்த படிகம். அதில் 2.60 கிராம் எடுத்தால் 0.0191 மோல்தான் வரும். அப்போது விகிதம் ஏறக்குறைய 1, கணக்குப்படி பி.எச். 4.78. நீங்கள் பார்த்தது இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

கேட்டவர்

ஆமாம், 136.08 என்றுதான் போட்டிருக்கிறது! 4.32 கிராம் எடுத்திருக்க வேண்டும். குறைந்த 1.72 கிராமையும் அதே கரைசலில் போட்டுக் கரைத்தேன். இப்போது 4.91. இன்னும் 0.09 குறைகிறதே, கொஞ்சம் கூடுதலாக உப்பு சேர்க்கட்டுமா?

பதில் 2

வேண்டாம். உப்பைக் கூட்டினால் பி.எச். ஏறும்தான், ஆனால் மொத்தச் செறிவு 0.1 மோலாரைத் தாண்டிவிடும். 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அது இருக்கிற அமிலத்தையே அசிட்டேட்டாக மாற்றும். அமிலமும் உப்பும் சேர்ந்த கூட்டுத்தொகை அப்படியே இருக்கும். உங்கள் அளவுக்கு இரண்டரை மி.லி.க்குள் முடிந்துவிடும்.

இந்த 0.09 உங்கள் தவறு இல்லை. 4.76 என்பது மிக நீர்த்த கரைசலுக்கான மதிப்பு. உப்பு கூடக்கூட அசிட்டேட் அயனியைச் சுற்றி நேர்மின்சுமை அயனிகள் சூழ்ந்துகொள்வதால், அதன் செயல்படும் செறிவு எடைபோட்ட செறிவைவிடக் குறைகிறது. உங்கள் கரைசலில் அயனி வலிமை (அயனிகளின் செறிவும் மின்சுமையும் சேர்ந்த அளவு) 0.06 மோலாருக்குச் சற்று மேல், அதற்கு 0.09 அளவு இறக்கம் எதிர்பார்க்கக்கூடியதுதான். முதலில் வந்த 4.71 கூட 4.78இல் இருந்து இதே காரணத்தால் இறங்கியதுதான்.

அடுத்த முறை 450 மி.லி.யிலேயே நிறுத்தி, பி.எச்.சைச் சரிசெய்து, அப்புறம் 500க்கு நிரப்புங்கள். நொதி வேறு வெப்பநிலையில் வேலை செய்யும் என்றால் மீட்டரையும் அதே வெப்பநிலையில் சரிபார்த்து அளப்பது நல்லது. அசிட்டேட் இதில் பெரிதாக நகராது. ட்ரிஸ் பஃபர் என்றால் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் 0.03 அளவு பி.எச். இறங்கும், அங்கே கவனமாக இருக்க வேண்டும்.

கேட்டவர்

2.4 மி.லி. போனது, மீட்டர் 5.00இல் நிற்கிறது. ரொம்ப நன்றி. புட்டியின் மேல் 136.08 என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டேன்.