தாலிக்கொடி அறுத்த வழக்கு: திருகோணமலையில் தண்டனை எப்படித் தீர்மானமாகும்?

சாம்பல்தீவுப் பெடியன்:
எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் இரவு ஏழேகால் மணி போல அம்மா கோயிலுக்குப் போய்விட்டு நடந்து வரும்போது, உப்புவெளிப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் அவரைத் தள்ளி விழுத்தித் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கழுத்தில் காயம், முழங்கையில் தையல். ஒருவன் பிடிபட்டு விளக்கமறியலில் இருக்கிறான், கொடியை ஒரு அடகுக் கடையில் எடுத்திருக்கிறார்கள். ஊரில் எல்லோரும் "முதல் குற்றம்தானே, ஒத்திவைத்த சிறையோடு, உள்ளே போகாமலேயே வந்துவிடுவான்" என்கிறார்கள். உண்மையா? வழக்கு நீதவான் நீதிமன்றத்திலேயே முடியுமா, மேல் நீதிமன்றம் போகுமா? அவன் வீட்டுக்காரர் வேறு வந்து, பொருள்தான் கிடைத்துவிட்டதே, சமாதானமாகப் போவோம் என்று கேட்கிறார்கள். அம்மா இளகிவிட்டார், எனக்கு மனம் வரவில்லை.

ஓர்ஸ்ஹில் பெரியவர்:
தம்பி, நான் நீதிமன்ற அலுவலகத்தில் கனகாலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். ஊரில் சொல்வது பாதிதான் சரி. வெறும் களவு என்றால் தண்டனைச் சட்டக்கோவையின் 367ஆம் பிரிவு, உச்சம் 3 வருடம். களவு எடுக்க ஆளை அடித்தாலோ மறித்தாலோ பயமுறுத்தினாலோ அது கொள்ளை, 380ஆம் பிரிவு, 10 வருடம் வரை கடூழியச் சிறை. அதே கொள்ளை சூரியன் மறைந்த பிறகு, உதிக்கும் முன் நடந்தால் 14 வருடம் வரை போகும். கொள்ளையில் காயம் ஏற்படுத்தினால் 382ஆம் பிரிவு, 20 வருடம் வரை. ஆகவே ஏழேகால் மணி என்பதும் அந்தத் தையலும் உங்கள் வழக்கில் சின்ன விஷயம் இல்லை. அம்மாவின் வாக்குமூலத்தில் நேரம் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை வழக்கோடு சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அறிக்கை இல்லாவிட்டால் காயத்தை நிரூபிப்பது கஷ்டம், பாரமான குற்றச்சாட்டு இலகுவாகக் குறைந்துவிடும்.

நீதவானுக்குப் பொதுவாக 2 வருடத்துக்கு மேல் சிறை விதிக்க அதிகாரம் இல்லை. பாரமான கொள்ளை என்றால் வழக்குக் கோவை அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபருக்குப் போய், அவர் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து மேல் நீதிமன்றத்தில் விளக்கம் (வழக்கு விசாரணை) நடக்கும். ஒத்திவைத்த சிறை எங்கே வருகிறது என்றால், கொடுக்கும் தண்டனை 2 வருடம் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால்தான் அதை ஒத்திவைக்கலாம், அதுவும் 5 வருடத்துக்குக் குறையாத காலத்துக்கு. அதற்குள் சிறை விதிக்கக்கூடிய இன்னொரு குற்றம் செய்தால் பழைய தண்டனையும் திரும்பி வரும். மேல் நீதிமன்றமும் 2 வருடம் கொடுத்து ஒத்திவைக்கலாம்தான், ஆனால் இரவில் ஒரு வயதான பெண்ணை விழுத்திக் காயப்படுத்தியதை முதல் குற்றம் என்ற ஒரு காரணத்துக்காகவே லேசாக விட வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. சட்டமா அதிபர் எதிர் எச். என். டி சில்வா என்ற பழைய வழக்கில் நீதியரசர் பஸ்நாயக்க சொன்னதை இன்றைக்கும் எடுத்துக்காட்டுவார்கள்: தண்டனையைக் குற்றவாளியின் பக்கத்தில் இருந்து மட்டும் பார்க்கக் கூடாது, பொதுமக்களின் பக்கத்தில் இருந்தும் பார்க்க வேண்டும்.

சாம்பல்தீவுப் பெடியன்:
நன்றி ஐயா. இன்னொன்று, பெரியம்மாவின் மகன் சிசிரிவி படத்தையும் பிடிபட்டவனின் படத்தையும் பேஸ்புக்கில் போட்டிருக்கிறார், ஊரே பகிர்கிறது. நல்லதுதானே?

கறுப்புக் கோட்டு:
இல்லை! இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள், அம்மாவுக்கு அந்தப் படத்தைக் காட்டவே வேண்டாம். நான் சட்டத்தரணி, தொழிலுக்கு வந்து கொஞ்சக் காலம்தான், ஆனால் நல்ல வழக்கு இப்படி வீணாவதைப் பார்த்துவிட்டேன். அம்மாவுக்கு அவனை முன்பே தெரியாது என்றால் நீதவான் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடக்கும், அதாவது அவனை வேறு ஆட்களோடு வரிசையில் நிறுத்தி அடையாளம் காட்டச் சொல்வார்கள். அங்கே அவர் கை காட்டியதும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்கப்போகும் முதல் கேள்வி, "படத்தை முன்பே பார்த்தீர்கள்தானே?" என்பதுதான். பார்த்தேன் என்றால் அந்த அடையாளத்துக்குப் பெறுமதி குறைந்துவிடும். வெளிச்சம் இருந்ததா, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் முகத்தைப் பார்த்தார், ஹெல்மெட் போட்டிருந்தானா, எல்லாம் கேட்பார்கள்.

பொலிஸில் ஒத்துக்கொண்டுவிட்டான் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதல் சாட்சியாகாது. அவன் சொன்னதை வைத்துக் கொடி கிடைத்திருந்தால், அந்தக் கண்டுபிடிப்போடு சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவில் வரும். களவு போன பொருள் கொஞ்ச நாளிலேயே ஒருவன் கையில் இருந்து, அது எப்படி வந்தது என்று அவனால் சொல்ல முடியாவிட்டால், அவனே எடுத்தான் அல்லது தெரிந்தே வாங்கினான் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் (114ஆம் பிரிவு). அதனால் இந்த வழக்கில் அடகுக் கடைக்காரர்தான் பெரிய சாட்சி, அவருடைய பதிவுப் புத்தகமும் அதில் உள்ள அடையாள அட்டை இலக்கமும். அது அம்மாவின் கொடிதான் என்றும் காட்ட வேண்டும். எப்போதாவது வங்கியில் அடகு வைத்திருந்தால் அந்தப் பற்றுச்சீட்டில் நிறை இருக்கும், தேடி எடுங்கள். கல்யாணப் படங்களும் உதவும்.

அப்புறம், வாக்குமூலம் எந்த மொழியில் எழுதினார்கள்? சிங்களத்தில் எழுதி, அம்மா வாசிக்காமல் கையெழுத்து வைத்திருந்தால் பிறகு குறுக்கு விசாரணையில் "பொலிஸுக்கு இப்படிச் சொல்லவில்லையே" என்று மடக்குவார்கள். தமிழில் கொடுக்க அவருக்கு உரிமை உண்டு. விடுபட்டது இருந்தால் மேலதிக வாக்குமூலம் கொடுக்கலாம், தள்ளிப்போட வேண்டாம்.

பாலையூற்று:
இதெல்லாம் பேச்சுக்கு நல்லாயிருக்கும். வழக்கு வருடக்கணக்கில் இழுபடும், ஒவ்வொரு தவணைக்கும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அலைய வேண்டும். கொடி கிடைத்தால் வாங்கிக்கொண்டு விட்டுவிடுங்கள்.

என்.சி. வீதிக் கடைக்கார அக்கா:
அலைச்சல் உண்மைதான், நானும் என் கடை வழக்கில் சாட்சிக்கூண்டில் நின்றவள். ஆனால் நான் போகாமல் விட்டிருந்தால் அவன் அடுத்த கடைக்குத்தான் போயிருப்பான். குறுக்கு விசாரணையில் சத்தம் போட்டுப் பேசினால் பயப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லட்டும், அதுவே பலம்.

கறுப்புக் கோட்டு:
சமாதானப் பேச்சு பற்றி: கொள்ளை என்பது நீங்கள் இருவரும் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம் இல்லை, வழக்கை நடத்துவது அரசு. அவர்கள் நயமாகக் கேட்கும் வரை சரி, மிரட்டினால் உடனே முறைப்பாடு செய்யுங்கள். சாட்சிகளைப் பாதுகாக்க 2015இல் சட்டம் வந்து, 2023இல் அதற்குப் பதிலாகப் புதியது வந்திருக்கிறது. சாட்சியில் தலையிடுவது பிணையை மறுக்கவும் காரணமாகும். பிணை கிடைத்தால் மனம் உடைய வேண்டாம், அது விடுதலை இல்லை. 1997 பிணைச் சட்டப்படி தண்டனை பெறாத ஒருவரைப் பொதுவாக 12 மாதத்துக்கு மேல் மறியலில் வைக்க முடியாது, சட்டமா அதிபர் கேட்டு மேல் நீதிமன்றம் நீடித்தால் தவிர. அவன் குற்றத்தை ஒத்துக்கொண்டால் அம்மாவுக்கு நட்டஈடு கட்டும்படி உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது, அதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

சாம்பல்தீவுப் பெடியன்:
படத்தை எடுக்கச் சொல்லிவிட்டேன், அம்மா அதைப் பார்க்கவில்லையாம். வாக்குமூலம் சிங்களத்தில்தான், நாளைக்குப் போகிறோம். கொடி வழக்கு முடியும் வரை அங்கேயே கிடக்குமா?

ஓர்ஸ்ஹில் பெரியவர்:
கிடக்கத் தேவையில்லை. நீதவானிடம் விண்ணப்பித்தால் படம் எடுத்து, நிறை பதிந்து, பிணைமுறியில் அம்மாவிடம் விடுவிக்கலாம். ஆனால் அறுந்த இடத்தை ஒட்டக்கூடக் கூடாது, உருக்கவோ அடகு வைக்கவோ கூடாது, விளக்கத்தில் கேட்டால் அப்படியே கொண்டுவர வேண்டும். சட்டத்தரணிக்குக் காசு பிரச்சினை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்டுப் பாருங்கள்.