ஐபி அட்ரஸுக்கு உறுதி எழுதி வாங்கினா செல்லுமா? பாதி காசு குடுத்துட்டு முழிக்கிறேன்

டிக்கோயா_சர்வர்:
வணக்கம் எல்லாருக்கும். நான் அட்டன்ல சின்னதா ஹோஸ்டிங் வேல பண்றேன், ரெண்டு மூணு தேயிலை பெக்டரியோட கேமரா, கணக்கு சர்வர், டியூஷன் கிளாஸ் சைட் இப்படி. சொந்தமா ஐபி பிளாக் ஒண்ணு (நெட்ல மெஷின அடையாளம் காட்டுற அட்ரஸ் நம்பர் ஒரு தொகுதி) இருந்தா இன்டர்நெட் லைன் மாத்துனாலும் அட்ரஸ் மாறாதுன்னு ரொம்ப நாளா ஆசை. கண்டியில ஒரு கம்பனி, ரெண்டு பேர் கூட்டு, 2014ல ஏப்னிக்ல இருந்து (ஆசியா பசிபிக்குக்கு ஐபி அட்ரஸ் பிரிச்சுக் குடுக்கிற அமைப்பு) 103ல ஆரம்பிக்கிற ஸ்லாஷ் 22 எடுத்து வச்சிருக்காங்க, அதாவது 1024 அட்ரஸ். இப்ப ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டாங்க. அதுல ஒருத்தர் ஸ்லாஷ் 24 ஒண்ண, அதாவது அதுல கால் பங்கு 256 அட்ரஸ, எனக்குத் தர்றேன்னு சொல்லி நொத்தாரிசு முன்னாடி எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு, பாதி காசும் போயிருச்சு. ரெண்டு கெழம கழிச்சு மத்தவரோட லோயர்கிட்ட இருந்து லெட்டர் வருது, அது கம்பனி சொத்து, விக்க இவருக்கு உரிமை இல்ல, நீங்க பாவிக்கக் கூடாதுன்னு. ஹூஇஸ்ல (அட்ரஸ் யார் பேர்ல இருக்குன்னு காட்டுற பொதுப் பதிவு) பாத்தா இன்னும் கம்பனி பேர்தான் இருக்கு. காணி மாதிரிதானே இது, உறுதி கையில இருந்தா கோர்ட்டுக்குப் போய் வாங்கிரலாம்தானே?

பதுளை_ரவுட்டர்:
தம்பி, காணின்னு நெனச்சதுலதான் பிழையே. இத தோட்டத்து லயத்து காம்பரா, அதாவது தோட்டம் குடுத்த வரிசை வீட்டு ரூம் மாதிரி நெனைங்க. தாத்தா காலத்துல இருந்து இருக்கோம், குசினி இழுத்துக் கட்டியிருக்கோம், ஆனா விக்க முடியுமா? இன்னும் சரியாச் சொன்னா தோட்டக் கம்பனி மாதிரி, 92ல அரசாங்கம் தோட்டங்களக் கம்பனிகளுக்குக் குடுத்தப்ப காணிய விக்கல, குத்தகைக்குத்தான் குடுத்தாங்க. ஏப்னிக் பாலிசியும் அதேதான் சொல்லுது, அட்ரஸ் யாருக்கும் சொந்தச் சொத்து இல்ல, லைசன்ஸ், வருசா வருசம் பீஸ் கட்டிப் புதுப்பிக்கணும். அதனால நீங்க எழுதினது உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல காசு ஒப்பந்தம், அவ்வளவுதான், அது அட்ரஸ நகத்தாது.

நகரணும்னா ஏப்னிக் ரெஜிஸ்டர்ல யார் பேர் இருக்கோ அவங்கதான் ட்ரான்ஸ்பர் தொடங்கணும். அங்க இருக்கிறது கம்பனி பேரு, உங்களுக்கு வித்தவரு பேரு இல்ல. ஸ்லாஷ் 24க்குக் கீழ பிரிக்க முடியாது, உங்களுக்கு அது சரி. 103ல வந்ததுன்னா அஞ்சு வருசம் கழிச்சுத்தான் மாத்தலாம், 2014ன்னா அதுவும் முடிஞ்சிருச்சு. ஆனா முக்கியமானது ஒண்ணு இருக்கு, குடுக்கிற ஆளுக்கு அந்த அட்ரஸப் பத்தி எந்தத் தகராறும் இருக்கக் கூடாதுன்னு பாலிசியிலயே இருக்கு. அந்த லெட்டர மத்தவரு ஏப்னிக்குக்கும் அனுப்பியிருந்தா உங்க கதை அங்கயே நின்னுரும்.

கண்டி_ரோட்:
ஒத்துக்க மாட்டேன். திவாலான நோர்டெல்ங்கிற கனடா டெலிகொம் கம்பனிகிட்ட இருந்து 2011ல மைக்ரோசாப்ட் 666,624 அட்ரஸ 75 லட்சம் டொலருக்கு வாங்குச்சே, அட்ரஸ் ஒண்ணு 11.25 டொலர், டெலவேர் திவால் கோர்ட்டே சரின்னு சொல்லுச்சு. சொத்து இல்லாதத எப்படி விப்பாங்க? கோர்ட்டுக்குப் போகச் சொல்லுங்க.

பதுளை_ரவுட்டர்:
அண்ணே, பாதிக் கதைய விட்டுட்டீங்க. அதெல்லாம் ஆரின் (வட அமெரிக்காவுக்கு ஏப்னிக் மாதிரி) வர்றதுக்கு முன்னாடியே குடுத்த பழைய அட்ரஸ், அதுக்கு அப்ப ஒப்பந்தமே கெடையாது. அப்படி இருந்தும் ஆரின் கேஸ்குள்ள வந்துச்சு, கடைசியில மைக்ரோசாப்ட் அவங்களோட ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுத்தான் எடுத்துச்சு. இந்தத் தம்பியோட பிளாக் 2014ல ஏப்னிக் ஒப்பந்தத்தோட வந்தது, ரெண்டும் ஒண்ணா?

இன்னொண்ணு கேளுங்க. செக்ஸ் டொட் கொம் டொமைன மோசடியில பறிகொடுத்த கேரி கிரெமன், மோசடிக்காரன்கிட்ட இருந்த ஐபியும் தன் பேருக்கு வரணும்னு 2001ல கோர்ட் ஓடரே வாங்கினாரு. ஓடரக் கொண்டு போனா ஆரின் எங்க ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுங்கன்னுச்சு, இவரு மாட்டேன்னாரு. 2006ல ஆரின் மேலயே வழக்குப் போட்டாரு, காலம் கடந்து வந்துட்டீங்கன்னு தள்ளுபடி பண்ணிட்டாங்க. கோர்ட் ஓடர் கையில இருந்தவருக்கே அந்த நெலம, நீங்க நொத்தாரிசு பேப்பர் வச்சிருக்கீங்க.

மஸ்கெலியா_மழை:
சண்ட பெரிசானா எங்க போய் நிக்கும்னு பாக்க மொரீசியஸப் பாருங்க. ஆப்பிரிக்காவுக்கான ஆஃப்ரினிக், கிளவுட் இன்னோவேஷன்கிற கம்பனிகிட்ட இருந்த 60 லட்சத்துக்கும் மேல அட்ரஸத் திருப்பி எடுக்கப் போனாங்க, அந்தக் கம்பனி கோர்ட்டுக்குப் போயி 2021ல ஆஃப்ரினிக்கோட பேங்க் எக்கவுண்டையே முடக்கிட்டாங்க, ஊழியருக்குச் சம்பளம் குடுக்கிறதே பிரச்சின. 2023ல கோர்ட் நிர்வாகத்தப் பாத்துக்க ரிசீவர் போட்டுச்சு, நிர்வாக போர்ட் இல்ல தலைவரும் இல்ல, 2025ல ஒரு தேர்தல் ரத்தாகி மறுபடி வச்சுத்தான் போர்ட் வந்துச்சு. இதுல வக்கீல் மட்டும் நல்லா இருந்திருப்பாரு.

ஊவா_அக்கா:
கோர்ட் கதை போதும், தம்பியோட காசப் பாப்போம். மொதல்ல கம்பனிப் பதிவுல இப்ப யாரெல்லாம் பணிப்பாளர்னு எடுத்துப் பாருங்க. ரெண்டு பேரும் இருந்தா ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட கம்பனித் தீர்மானம் வேணும், ஒருத்தர் கையெழுத்து பத்தாது. ஏப்னிக் எக்கவுண்ட் லொகின் யார்கிட்ட இருக்கு, பீஸ் கட்டியிருக்கான்னும் கேளுங்க, பீஸ் நின்னு கணக்கு மூடினா அட்ரஸ் ஏப்னிக்குக்கே போயிரும், அப்புறம் ரெண்டு பேரும் எதுக்குச் சண்ட போடணும்? அதே மாதிரி நீங்களும் ஏப்னிக்ல கணக்கு வச்சு, எதுக்கு வேணும்னு காட்டணும், சும்மா வாங்கி வச்சுக்க விட மாட்டாங்க. மிச்சக் காசு ஹூஇஸ்ல உங்க பேர் மாறின பிறகு. அதுவரைக்கும் அந்த பிளாக்க எந்த லைன்லயும் எனவுன்ஸ் (இந்த அட்ரஸ் இங்கதான் இருக்குன்னு நெட்டுக்குச் சொல்றது) பண்ணாதீங்க, ஆர்பிகேஐங்கிற சரிபார்ப்பு முறையில, யார் எனவுன்ஸ் பண்ணலாம்னு சொல்ற ஆர்ஓஏ பதிவு வேற ஏஎஸ் நம்பருக்கு (நெட்வேர்க்கோட அடையாள நம்பர்) இருந்தா பல இடத்துல ரூட் விழுந்துரும், லோயர் லெட்டர் வந்த பிறகு பாவிச்சா அதுவும் உங்க தலையில.

ஒண்ணு கேக்கட்டுமா, மூணு பெக்டரிக்கு 256 அட்ரஸ் எதுக்கு?

டிக்கோயா_சர்வர்:
அக்கா, உண்மையச் சொன்னா இப்போதைக்குப் பதினாறு போதும், அதையும் லைன் குடுக்கிறவங்ககிட்ட ஸ்டெட்டிக்கா (மாறாத அட்ரஸா) கேட்டுப் பாக்கலாம். கம்பனிப் பதிவு பாத்தேன், ரெண்டு பேரும் இன்னும் பணிப்பாளர்தான். அட்வான்ஸ் வாங்கினவரு போன எடுக்கிறாரு, ஆனா பீஸப் பத்திக் கேட்டா பேச்ச மாத்துறாரு. வெள்ளிக்கெழம காலைல மொத பஸ்ல கண்டிக்கு எறங்குறேன், மத்தவரையும் வரச் சொல்லியிருக்கேன். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடலன்னா காசத் திருப்பிக் கேக்குற லெட்டர் எழுத நல்ல லோயர் யாராவது தெரிஞ்சா இன்பொக்ஸ்ல சொல்லுங்க.